மாமாவுக்கு மூன்று ஓட்டை: ஹெர்னியாவும் தூர்பின் ஆபரேஷனும்

மும்பை சீத்தா கேம்ப்பில் மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஆண்களில் சிலர் பேண்ட்டுக்கு உள்ளே ஒரு பெல்ட் கட்டியிருப்பார்கள். மெடிக்கலில் "ஹெர்னியா பெல்ட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தொடை இடுக்கில் இறங்கும் குடலை அமுக்கிப் பிடிக்க ஒரு தடித்த பேடு, அதை இடுப்போடு இறுக்க எலாஸ்டிக் பட்டை. காலையில் படுத்த வாக்கிலேயே வீக்கத்தைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு, எழுந்திருப்பதற்கு முன்னால் பெல்ட்டை மாட்டிவிட வேண்டும். சாயங்காலம் அவிழ்த்தால் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக வரி விழுந்திருக்கும்.

என் மாமா, அம்மாவின் தம்பி, வருஷக்கணக்கில் இப்படித்தான் வாஷி மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். மான்குர்டில் ரயில் ஏறினால் கடல்கழியைத் தாண்டி அடுத்த ஸ்டேஷன் வாஷி. வெங்காயம், உருளைக்கிழங்கு மார்க்கெட்டில் லாரியிலிருந்து கோணி இறக்குவது அவர் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா என்று எப்போது சொன்னாலும் ஒரே பதில்தான். "ஏல, ஆபரேஷன் பண்ணிட்டு மூணு மாசம் வீட்ல உக்காந்தா, வீட்டுக்குச் சோறு நீயால போடுவ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். அவருக்கு மட்டும் அல்ல, பெல்ட் கட்டியிருக்கும் எல்லோருக்குமாக. ரெண்டு பக்கமும் ஹெர்னியா உள்ள கூலிக்காரருக்கு லேப்ராஸ்கோப்பி என்பது பணக்காரர்களின் சொகுசு வைத்தியம் அல்ல. மற்ற யாரையும்விட அவருக்குத்தான் அது அதிகம் தேவை. மும்பையில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யும் இந்த ஆபரேஷனைத் "தூர்பின் ஆபரேஷன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

மாமா கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தது, ஒரு ராத்திரி வீக்கம் உள்ளே போகாமல் ஒரு மணி நேரம் அடம் பிடித்த பிறகு. அப்புறம் தானாகவே உள்ளே போய்விட்டது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாமி வீட்டையே இரண்டாக்கிவிட்டார். மறுநாள் காலை மாநகராட்சி ஆஸ்பத்திரியில் கேஸ் பேப்பர் எடுத்து, சர்ஜரி ஓபிடி வரிசையில் நின்றோம்.

டாக்டர் இளம் பெண். மராத்தி. மாமாவைப் படுக்கச் சொல்லவில்லை, நிற்கச் சொன்னார். "காகா, காஸோ" என்று இருமச் சொல்லி, வலது பக்கம் விரல் வைத்துப் பார்த்தார். அதோடு விட்டுவிடவில்லை. இடது பக்கமும் விரல் வைத்து இன்னொரு தடவை இருமச் சொன்னார். மாமாவுக்கு இடது பக்கம் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. ஆனால் அங்கேயும் இருமும்போது விரலில் முட்டியது. "தோனோ தரஃப் ஹை", ரெண்டு பக்கமும் இருக்கிறது, என்று சொல்லிவிட்டு, கேஸ் பேப்பரின் பின்பக்கம் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார்.

அந்தப் படம் எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது. நடுவில் ஒரு புள்ளி, தொப்புள். கீழே இரண்டு சாய்வுக்கோடு, தொடை இடுக்கு. ஒவ்வொரு பக்கமும் மூன்று வட்டம். ஒன்று, விரைக்குப் போகிற நரம்பும் குழாயும் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் வழி. அந்த வழியாகக் குடல் இறங்கினால் அது ஒருவகை ஹெர்னியா. சிலருக்குப் பிறக்கும்போதே அந்தப் பாதை சரியாக மூடியிருக்காது. இரண்டாவது, அதற்கு உள்பக்கமாக, சுவரே நைந்துபோய்ப் பிதுங்குகிற இடம். வயசாக ஆக இது வரும் வாய்ப்பு கூடும். மூன்றாவது, இன்னும் கீழே, காலுக்குப் போகும் ரத்தக்குழாயை ஒட்டிய சின்ன இடைவெளி. ஒரே ஆளுக்கு ஒரே பக்கத்தில் இதில் இரண்டு இருக்கலாம். ரெண்டு பக்கமும் இருக்கலாம். வெளியில் பார்த்தால் ஒரே ஒரு வீக்கம்தான் தெரியும்.

இந்த மூன்று வழியும் தனித்தனி ஓட்டை என்றாலும் வயிற்றுக்கு உள்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே பலவீனமான பரப்பின் பகுதிகள்தான். இதை 1956-இல் அழுத்திச் சொன்னவர் ஃப்ரூஷோ என்ற பிரெஞ்சு சர்ஜன். அதுவரை ஒவ்வொரு ஓட்டையையும் தனித்தனியாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியின் பாதுவா நகரத்து பஸ்ஸினி 1880-களில் காட்டிய முறையில், தசையை இழுத்துத் தைப்பதுதான் நூறு வருஷம் வரைக்கும் வழக்கம். இழுத்துத் தைத்தால் தையலில் இறுக்கம் இருக்கும், வலிக்கும், பலருக்குத் திரும்பவும் பிரிந்துவிடும். "ஹெர்னியா ஆபரேஷன் பண்ணினாலும் மறுபடி வரும்" என்று நம் தாத்தாக்கள் சொன்னது வெறும் வதந்தி அல்ல, அந்தக் காலத்து அனுபவம். 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் ஒரு பாலிப்ரொப்பிலீன் வலையை வைத்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பயம் வெகுவாகக் குறைந்தது. இன்றும் ஒரு பக்கம் மட்டும் ஹெர்னியா என்றால், தொடை இடுக்கில் கீறி வலை வைக்கும் இந்த ஓப்பன் ஆபரேஷன் நல்ல வைத்தியம்தான். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடலாம். யாராவது அதைப் பழைய காலத்து வைத்தியம் என்று மட்டம் தட்டினால் நம்பாதீர்கள்.

ஆனால் ரெண்டு பக்கமும் என்று வந்தால் கணக்கு மாறுகிறது. ஓப்பனில் இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல். அல்லது இப்போது ஒன்று, சில மாதம் கழித்து இன்னொன்று. இரண்டு முறை அட்மிஷன், இரண்டு முறை சம்பளம் போகும். தூர்பினில் அதே மூன்று துளை வழியாக ரெண்டு பக்கமும் முடிந்துவிடும். உலகெங்குமுள்ள ஹெர்னியா சர்ஜன்கள் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறையும், பழகிய கை இருந்தால் இருபக்க ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பிதான் சரி என்கிறது. முன்பு ஓப்பன் செய்து திரும்ப வந்தவர்களுக்கும் அப்படியே. முன்பக்கம் தழும்பேறிக் கெட்டியாகியிருக்கும், பின்பக்கம் யாரும் தொடாத இடம்.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது என்று மாமாவின் கேஸை வைத்தே சொல்கிறேன். பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. தொப்புளுக்குக் கீழே ஒன்றேகால் சென்டிமீட்டர் மாதிரி ஒரு கீறல். அதிலிருந்து நேர் கீழே நடுக்கோட்டில் ஐந்து மில்லிமீட்டரில் இரண்டு துளை. அவ்வளவுதான் வெளியில். கேமராவை வயிற்றுக்குள்ளேயே விடுவதில்லை. வயிற்றுத் தசைக்கும், குடலைச் சுற்றியுள்ள ஜவ்வுக்கும் நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது, அதற்குள் விடுகிறார்கள். குடலைத் தொடுவதே கிடையாது. மூடிக்கிடக்கும் அந்த இடுக்கைத் திறக்கத் தனியாக ஒரு பலூன் கருவி கடையில் விற்கிறது, விலை அதிகம். நம் ஊர் சர்ஜன்கள் பலர் அதை வாங்குவதில்லை. ஆபரேஷன் கையுறையின் விரலை வெட்டி, ஒரு குழாயின் முனையில் பட்டு நூலால் கட்டி, உள்ளே விட்டு சலைன் ஏற்றுகிறார்கள். கையுறை விரல் உப்பி, ஜவ்வைத் தசையிலிருந்து பிரித்துவிடுகிறது. எனக்கு இந்த ஒரு விஷயத்தைக் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. காசில்லாத இடத்தில் வேலை செய்கிறவர்களின் மூளை இது.

அப்புறம் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நிரப்புகிறார்கள். இடம் விரிகிறது. மானிட்டரில் இடுப்பெலும்பின் வெள்ளை விளிம்பு தெரியும், அதை வைத்துத் திசை பிடிக்கிறார்கள். மாமாவுக்கு வலது பக்கம் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு ஓட்டை. வயிற்றுச் சுவரில் மேலேறும் ரத்தக்குழாயின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒன்று. ஆக மூன்று. இறங்கியிருந்த பையை உரித்து உள்ளே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமும் பதினைந்துக்குப் பத்து சென்டிமீட்டரில் ஒரு வலையை விரித்தார்கள். டாக்டர் கேஸ் பேப்பரில் போட்ட அந்த மூன்று வட்டத்தையும் ஒரே வலை மூடிவிடுகிறது. இருக்கிற ஓட்டை, நாளைக்கு வரப்போகிற ஓட்டை எல்லாமே அதற்கு அடியில்.

வலை நகர்ந்துவிடாதா என்று நானும் கேட்டேன். சைக்கிள் டயரில் கிழிசல் இருந்தால் உள்பக்கம் ஒரு துண்டு ரப்பர் வைத்துத்தானே டியூபைப் போடுகிறோம், காற்று அடித்ததும் டியூபே அதை டயரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இதுவும் அதே. வாயுவை வெளியேற்றியதும் ஜவ்வு திரும்பி வந்து வலையைத் தசைச் சுவரோடு அழுத்துகிறது. மாமா இருமினாலும் மூட்டை தூக்கினாலும் அந்த அழுத்தம் வலையை இன்னும் இறுக்கமாகத்தான் வைக்கும். ஓட்டை ரொம்பப் பெரிதாக இருந்தால் தவிர, வலையை ஆணி மாதிரி அடிக்கும் விலையுயர்ந்த டேக்கர்கள் தேவைப்படுவதில்லை. யாராவது எஸ்டிமேட்டில் டேக்கருக்கென்று பெரிய தொகை போட்டால், ஏன் என்று கேளுங்கள்.

விலை என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். நம் மகாராஷ்டிராவிலேயே, துலே மாவட்டத்தில் தொண்டாயிச்சா என்ற சின்ன ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் என்ற கிராமத்து சர்ஜன். கம்பெனி வலைக்குக் காசில்லாத நோயாளிகளுக்கு, கொசுவலைத் துணியை வெட்டி, முறைப்படி கிருமி நீக்கி, ஹெர்னியாவுக்கு வைத்தார். பல ஊர் சர்ஜன்களைச் சேர்த்துக்கொண்டு அதன் முடிவுகளை 2003-இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடத்திய முறையான சோதனையில் கொசுவலையும் கம்பெனி வலையும் பலனில் ஒன்றுதான் என்று 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. தொண்டாயிச்சாவில் ஒருவர் ஏழைக்காகத் தேடிய வழி அப்படி உலகம் சுற்றியது. (வீட்டுக் கொசுவலையை எடுத்துக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். துணியின் ரகம், கிருமி நீக்கும் சூடு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.)

தூர்பின் ஆபரேஷன் இந்தியாவுக்கு வந்த கதையும் இதே போலத்தான். 1990-இல் இந்தியாவில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பை எடுத்தது எந்த ஐந்து நட்சத்திர ஆஸ்பத்திரியும் இல்லை. பைகுல்லாவில் இருக்கும் அரசு ஜே.ஜே. ஆஸ்பத்திரி. எடுத்தவர் டாக்டர் தெஹம்தன் உட்வாடியா. 1972-லிருந்தே அங்கே நோயைக் கண்டுபிடிக்க லேப்ராஸ்கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர். இது பணக்கார நாட்டு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னது நேர்மாறானது. சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போக வேண்டிய அவசரம் தினக்கூலிக்காரனுக்குத்தான், எனவே இது அவனுக்கானது. கிராமங்களுக்கும் இதைக் கொண்டுபோகப் பாடுபட்டார். 2017-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள், 2023 ஜனவரியில் காலமானார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் ஜெம் ஆஸ்பத்திரியின் டாக்டர் பழனிவேலு இந்தத் துறையில் பெரிய பெயர், ஊர்ப் பக்கம் சொந்தங்கள் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நம் மும்பைக்காரர்கள் உட்வாடியா பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இப்போது குறைகளையும் சொல்கிறேன், மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தூர்பினுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். இதயமோ நுரையீரலோ மோசமாக இருந்தால், ஏற்கெனவே பிராஸ்டேட்டுக்குப் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தால், வீக்கம் விரைப்பை முழுக்க இறங்கிப் பெரிதாகியிருந்தால், ஓப்பன்தான் நல்லது என்று டாக்டர் சொல்லலாம். சொன்னால் கேளுங்கள். இந்த ஆபரேஷனைக் கற்றுக்கொள்ள ஒரு சர்ஜனுக்கு நாள் பிடிக்கும். ஐம்பது, நூறு செய்த பிறகுதான் கை படியும் என்கிறார்கள். உள்ளே பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் ஓடும் இடம் அது. "நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. எந்த முறையில் செய்தாலும் பத்தில் ஒருவருக்குக் கொஞ்ச காலம் கழித்தும் வலி தங்கலாம். லேப்ராஸ்கோப்பியில் அது குறைவு. சிலருக்கு வீக்கம் இருந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும், பார்த்தால் ஹெர்னியா திரும்ப வந்துவிட்டது என்று பயம் வரும். பெரும்பாலும் சில வாரத்தில் தானாக வற்றிவிடும்.

ரயிலிலும் ஸ்டேஷன் வாசலிலும் "லேசர் ஹெர்னியா ஆபரேஷன், வலி இல்லை, தையல் இல்லை" என்று ஒட்டியிருப்பார்கள். ஹெர்னியாவின் ஓட்டையை லேசர் அடைக்காது. அடைப்பது வலை. லேசர் என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

தேதிக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. மானிட்டரும் கேமராவும் உள்ள தியேட்டருக்கு வரிசை பெரிது. அதற்கிடையில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, மயக்க டாக்டரிடம் ஃபிட்னஸ். டாக்டர் மூன்று கேள்வி திரும்பத் திரும்பக் கேட்டார். இருமல் இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா? இவை வயிற்றுச் சுவரை ஓயாமல் முட்டுகிறவை, முதலில் இவற்றைச் சரிசெய்யாவிட்டால் எந்தத் தையலுக்கும் கேடு. மாமாவின் பீடி அன்றைக்கு நின்றது. மாமி வருஷக்கணக்கில் சொல்லி நிற்காதது.

ஆபரேஷன் ஆன அன்று சாயங்காலமே எழுந்து பாத்ரூமுக்கு நடந்தார். அடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே கேம்ப் மெயின் ரோட்டில் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மூட்டைக்கு மட்டும் ஆறு வாரம் பொறு என்று டாக்டர் சொன்னார். வலி இல்லை என்றால் எந்த வேலையும் செய்யலாம் என்றுதான் இன்றைய நெறிமுறை. ஆனாலும் கோணி தூக்குகிறவருக்கு நம் ஊர் டாக்டர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஓய்வு சொல்வார்கள், அதில் தப்பில்லை. மாமா பயந்த மூன்று மாதம் ஆகவில்லை.

பெண்களுக்கும் தொடை இடுக்கு ஹெர்னியா வரும். இதை யாரும் பேசுவதில்லை. ஆண்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் என்றால், பெண்களில் மூன்று பேருக்கு. எண்ணிக்கை குறைவு, ஆபத்து அதிகம். அந்த மூன்றாவது, கீழ் இடைவெளி வகை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். அதன் வாய் குறுகல் என்பதால் குடல் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் பெண்களுக்கு ஒரு பக்கம் இருந்தாலும் லேப்ராஸ்கோப்பியையே நெறிமுறை பரிந்துரைக்கிறது. அக்கா, மாமி, சாச்சி யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

பொறுத்துப் பார்க்கவே கூடாதா என்றால், தொந்தரவே இல்லாத ஆண்கள் பொறுக்கலாம் என்று அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2006-இல் சொன்னது. அதே ஆட்களைப் பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால் 68 சதவீதம் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், முக்கியமாக வலியால். பெல்ட் கட்டி மூட்டை தூக்குகிறவர் தொந்தரவு இல்லாதவர் ஆகவே மாட்டார்.

எங்கள் கேம்ப் 1976 மே மாதம், எமர்ஜென்சியில், அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த பல்லாயிரம் பேரைக் கொண்டுவந்து போட்ட சதுப்பு நிலம். மண்ணையும் கல்லையும் சுமந்து கொட்டி மேடாக்கியவர்கள் அவர்களேதான். தாங்கிக்கொள்வதையே பழக்கமாக்கிக்கொண்ட மக்கள். உடம்பு விஷயத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகக் கெட்டிப்பட்டு, வலி ஏறி, வாந்தி எடுத்து, வாயு பிரியாமல் நின்றால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் அந்தக் குடல் அழுகத் தொடங்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அழுத்தியும் பார்க்காதீர்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் சயான் ஆஸ்பத்திரி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஆட்டோ பிடியுங்கள்.

அந்த நிலைக்கு வராமல், இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு சர்ஜரி ஓபிடிக்குப் போங்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் கையோடு இருக்கட்டும். மகாத்மா புலே திட்டத்தின் ஆரோக்கியமித்ரா மேசை இருந்தால் அங்கே காட்டி, உங்கள் ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று விசாரியுங்கள். டாக்டர் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால், "இன்னொரு பக்கமும் பாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். போவதற்குத் துணை இல்லை என்றால் கேம்ப்பில் என்னைக் கேளுங்கள், வருகிறேன்.